நஷ்டஈடு கேட்பது இழிவன்று



உன் கடிதம் நேற்று மாலைத் தபாலில் வந்தது. "நான் மறுக்கவில்லையே" என்று ஓரிடத்தில் எழுதி, அதை மையால் அடித்து, அடுத்த பக்கத்தில் மறுபடியும் அதையே எழுதியிருக்கிறாயே, அந்த வரியில்தான் என் கண் நெடுநேரம் நின்றது. உன் உத்தியோகத்தையும் தங்குமிடத்தையும் தன் கைக்குள் வைத்திருந்த ஒருவன், அவை போய்விடுமே என்ற உன் பயத்தைச் சாதகமாக்கிக்கொண்டு உன் சரீரத்தை உபயோகித்தானென்றால், அங்கே உன் மௌனத்துக்குச் சம்மதம் என்று பெயரிட எந்த நியாயமும் இடந்தராது. உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தைக்கொண்டு பெண் இசைந்தாளென்று கருதலாகாது என நமது தண்டனைச் சட்டமே விளக்கியிருக்கிறது.

நஷ்டஈடு கேட்கும் பேச்சு எழுந்ததும், "மானத்துக்கு விலை வாங்குவதா?" என்று உன் அம்மா கேட்டாளாம். சட்ட உதவி மையத்தில் நான் ஊழியம் செய்த நாட்களில், மனுத்தாளை விரல்நுனியால் தள்ளி, "இந்தப் பாவக் காசு வேண்டாம்மா" என்று அழுத ஒரு தாயைக் கண்டிருக்கிறேன். அவள் காதில் வேப்பங்குச்சி இருந்தது, தோடு மகளின் வைத்தியத்துக்காக அடகுக்கடைக்குப் போயிருந்தது. அந்தச் செலவு யாருடைய பாவத்தால் வந்தது, குழந்தாய்? தருமபுரியை அடுத்த வாச்சாத்தியில் 1992 ஜூனில் அரசாங்க ஊழியர்களால் பலாத்காரத்துக்குள்ளான 18 பெண்களுக்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அது விலையா, கடனா? அவர்கள் 31 வருஷம் காத்திருக்க நேர்ந்ததுதான் எனக்கு ஆறாத வேதனை.

நீ அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கோர்ட்டு வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு, வருமானம் எதுவாயினும், கட்டணமின்றி வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். போலீசில் புகார் பதிவானபின், தீர்ப்பு வரும்வரை பொறுக்காமலே இடைக்கால நிவாரணம் கோரலாம். 2018ஆம் வருஷத்துத் தேசிய நஷ்டஈட்டுத் திட்டம் பலாத்காரத்துக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை வகுத்திருக்கிறது. உன் பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆகையால் ஊர்வாயை நினைத்து அஞ்சாதே.

செல்போனில் அவன் அனுப்பிய செய்திகளை, அருவருப்பாயிருந்தாலும், அழித்துவிடாதே. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மனுவை இருவரும் சேர்ந்தே எழுதுவோம். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா