சரக்கு அறிவோம்: வளர்ப்புப் பிராணிகளுக்கான சீப்புகளும் பிரஷ்களும்

முன்பெல்லாம் ஒருவர் கடைக்கு வந்து நாய்க்குச் சீப்பு கேட்டால் நாம் சிரித்திருப்போம். இன்று பேன்சி கடை, மருந்துக் கடை, பெரிய மளிகைக் கடை என்று எல்லா இடத்திலும் அந்தச் சரக்கு தொங்குகிறது. அட்டையில் அழகான நாய் படம் இருக்கிறது. வாங்குபவர் கேட்கிறார், நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் எந்தச் சீப்பு எந்த ரோமத்துக்கு என்று அறிந்து கொடுக்கிறோமா? அறியாமல் கொடுத்ததால் அடியேன் பட்ட அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடமாக என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர், ரோமம் உதிர்கிறது என்றார். இருப்பதிலேயே விலை கூடியதான, பிளேடு வைத்த ரோமம் எடுக்கும் கருவியைக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்தார். நாயின் முதுகில் கோடு கோடாகச் சிராய்ப்பு என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அதன் பிறகு வேறு எந்தச் சாமானுக்கும் அவர் என் கடைப் படி ஏறவில்லை. கருவியில் குற்றமில்லை, கொடுத்த என்னிடம்தான் குற்றம். அந்தப் பாடம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரோமத்தை அறிவோம்

பிராணிகளின் ரோமத்தை நம் வியாபாரத்துக்கு மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

1. குட்டை ரோமம்: ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, டாபர்மேன் போன்றவை. ரோமம் தோலோடு ஒட்டிப் படிந்திருக்கும்.

2. இரட்டை ரோமம்: லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், அல்சேஷன், பொமரேனியன் போன்றவை. மேலே முரட்டு ரோமம், அடியில் பஞ்சு போன்ற உள் ரோமம். வீட்டில் உருண்டு கிடப்பது பெரும்பாலும் இந்த உள் ரோமமே. லாப்ரடார் பார்வைக்குக் குட்டை ரோமமாகத் தெரிந்தாலும் இந்த வகைதான். இதில் ஏமாறாதவர் குறைவு.

3. நீண்டு வளரும் ரோமம்: ஷிட்சூ, பூடில் போன்றவை. உதிர்வது குறைவு, ஆனால் வெட்ட வெட்ட வளரும், சிக்கு விழும். சிக்கு விழும் விஷயத்தில் பாரசீகப் பூனையையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எதற்கு எது?

ரப்பர் பிரஷ், ரப்பர் கையுறை: குட்டை ரோமத்துக்கு இதுவே சிறந்தது. உதிர்ந்த ரோமத்தை இழுத்து எடுக்கும், தோலைக் கீறாது. விலையும் குறைவு. என் ராஜபாளையம் வாடிக்கையாளருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இதைத்தான்.

ஸ்லிக்கர் பிரஷ்: வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்தது. இரட்டை ரோமத்துக்கும் நீண்ட ரோமத்துக்கும் உரியது. லேசான கையால் உபயோகிக்க வேண்டும். அழுத்தினால் தோல் சிவந்துவிடும்.

ஸ்டீல் சீப்பு: பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல். பிரஷ் போட்ட பின் இதை வேர் வரை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஸ்லிக்கர் விற்கும்போது இதையும் காட்டுங்கள்; இரண்டும் ஜோடிச் சரக்கு.

ரேக்: இரட்டை ரோமத்தில் அடிப்பஞ்சை வாரி எடுப்பதற்கு. குட்டை ரோமத்துக்குக் கொடுக்கக் கூடாது.

பிளேடு வைத்த ரோமம் எடுக்கும் கருவி: இரட்டை ரோமத்துக்கு மட்டும். காய்ந்த ரோமத்தில், வாரம் ஒரு முறை, அழுத்தாமல் சில இழுப்புகள் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் மேல் ரோமம் அறும், தோலும் புண்ணாகும்.

பேன் சீப்பு: தெள்ளுப்பூச்சி எடுக்க. கடித்துப் பிடித்திருக்கும் உண்ணிக்கு இது உதவாது. உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

டிரிம்மிங் மெஷின் கேட்டு வந்தால்

பிளேடு எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. எண் கூடக் கூட, மிஞ்சும் ரோமத்தின் நீளம் குறையும். 10-ஆம் எண் சுமார் 1.5 மில்லிமீட்டர் விடும்; 7-ஆம் எண் சுமார் 3; 4-ஆம் எண் சுமார் 9.5. 7, 4 ஆகிய எண்களோடு எஃப் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் பற்கள் சமமாக இருக்கும். எழுத்து இல்லாதவற்றில் பல் விட்டு விட்டு இருக்கும். அதில் தோல் சிக்கும் அபாயம் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு எஃப் வகையையோ 10-ஆம் எண்ணையோ கொடுப்பதே நல்லது. பிளேடு ஓட ஓடச் சூடேறும். அவ்வப்போது தொட்டுப் பார்க்கவும் எண்ணெய் விடவும் சொல்லிக் கொடுங்கள்.

கோடைக்கு மொட்டை அடிக்க வேண்டும் என்று பொமரேனியன்காரர்கள் வருவார்கள். வியாபாரம் போனாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாய் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதால்தான். மேல் ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. இரட்டை ரோமத்தை ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் திரும்ப முளைக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

உபயோகிக்கும் முறை

வாங்குபவருக்கு இந்த நான்கை மட்டும் சொன்னால் போதும்.

1. குளிப்பாட்டும் முன்பே சிக்கு எடுக்க வேண்டும். தண்ணீர் பட்டால் முடிச்சு இறுகிவிடும்.

2. மேலாக வாராமல், ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து வார வேண்டும்.

3. காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப் பட்டையின் அடி, வால் ஆகிய இடங்களில்தான் சிக்கு ஒளிந்திருக்கும்.

4. சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது, முக்கியமாகப் பூனைக்கு. முடிச்சோடு மெல்லிய தோலும் மேலே இழுபட்டு வந்து வெட்டுப்படும். தோலோடு ஒட்டிய சடையைக் கால்நடை மருத்துவரிடமே காட்டச் சொல்லுங்கள்.

கொள்முதல் செய்யும்போது

மொத்த வியாபாரியிடம் மாதிரி உருப்படியை வாங்கி, கம்பி முனையை நம் முன்கையின் உட்புறத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். நமக்குக் கீறல் விழுந்தால் பிராணிக்கும் விழும். கம்பி பதித்த ரப்பர் திண்டை அமுக்கினால் உள்வாங்கித் திரும்ப வேண்டும். முலாம் உரிந்த சீப்பு கடலோர ஊர்களில் சீக்கிரமே துருப்பிடிக்கும். இறக்குமதிச் சரக்கானால் 2011-ஆம் வருட பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாத சரக்கை மலிவு என்று எடுத்தால் சோதனையின்போது பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ரப்பர் பிரஷ், இரண்டு அளவில் ஸ்லிக்கர், ஸ்டீல் சீப்பு, பேன் சீப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ரேக்கும் பிளேடு கருவியும் இரண்டொரு உருப்படி போதும். ஓட்டம் பார்த்துக் கூட்டலாம். முதல் முடங்காது.

கடைசியாக ஒன்று. கையை அலமாரிப் பக்கம் நீட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பிராணி? ரோமம் எப்படி? சிக்கு இருக்கிறதா, உதிர்கிறதா? இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. அன்று நான் அந்த அரை நிமிடத்தைச் செலவழித்திருந்தால், பில் தொகை குறைந்திருக்கும், வாடிக்கையாளர் தங்கியிருப்பார்.