நெஞ்சு நோ எல்லாம் வாய்வு அல்ல

நெஞ்சின் இடது பக்கத்தில் இலேசாக ஒரு வலி வந்தால் எம்மவர் வீடுகளில் முதலில் வரும் சொல் "வாய்வு". இஞ்சி போட்ட தேத்தண்ணி ஒன்றைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். பல வேளைகளில் அது இருதயக் கோளாறாக இருப்பதும் இல்லை.

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறினால் நடு நெஞ்சு எரியும். இரவு வேலை முடிந்து பிந்தி வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு இது நன்கு பழக்கமான ஒன்று. விலா எலும்புகள் நெஞ்செலும்புடன் சேரும் இடத்துக் குருத்தெலும்பில் அழற்சி ஏற்பட்டால், விரலால் தொட்டு "இந்த இடம்தான்" என்று காட்டலாம், அழுத்தினால் நோகும். பனி அள்ளிய மறுநாள் தசை நோவதும் உண்டு. இளம் பிள்ளைகளுக்கு மூச்சை இழுக்கும்போது ஊசி குத்துவதுபோல் வந்து சிறிது நேரத்தில் மறையும் வலி பெரும்பாலும் தீங்கற்றது. படுத்தால் கூடி, முன்னுக்குச் சாய்ந்தால் குறையும் வலி இருதய உறையின் அழற்சியாக இருக்கலாம். இதை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

நாம் அதிகம் ஏமாறுவது இன்னொன்றில். படியேறும்போது, குளிர்காற்றில் விரைந்து நடக்கும்போது நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் இறுகும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். "பார், வாய்வுதான், போய்விட்டது" என்போம். ஓய்வில் குறைவதுதான் இருதய நாடி ஒடுங்கியதால் வரும் வலியின் அடையாளமே! வாய்வு மாத்திரைக்கு வலி குறைந்தது என்பதும் இருதயம் நலம் என்பதற்குச் சான்றல்ல.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் 2007 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவில், மற்றவர்களை விட ஐந்தாறு ஆண்டுகள் முந்தியே வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலி இல்லாமல் களைப்பு, மூச்சுமுட்டல், வயிற்றுப் பிரட்டல் மட்டுமே தெரியலாம். அம்மாமார் இவற்றை வெளியில் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் கேட்கவேண்டும்.

வந்து வந்து போகும் வலி என்றால் அந்த வாரமே குடும்ப வைத்தியரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் வந்தால், சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், கை, தாடை, முதுகுக்குப் பரவினால், வியர்த்தால் உடனே 911. காரில் கூட்டிக்கொண்டு ஓடவேண்டாம். அம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டிலேயே ஈ.சி.ஜி. எடுத்துச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். அஸ்பிரின் மெல்லலாமா என்பதைத் தொலைபேசியில் இருப்பவரிடம் கேளுங்கள். ரத்தக்கசிவோ ஒவ்வாமையோ இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

பகலில் தனியே இருக்கும் அப்பம்மா, அம்மப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்ற தயக்கம் வேண்டாம். ரொறன்ரோவில் 911ஐ அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்ல மட்டும் பழக்கி, பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.