நம்பிக்கைகளும் உண்மைகளும்: வைரஸ் என்றாலே நோயா?

"வைரஸ் என்றாலே நோய்." இது எங்கும் பரவிக் கிடக்கிற நம்பிக்கை. மன்னாரின் பேசாலைக் கடலில் ஒரு தேக்கரண்டி நீர் அள்ளினால் அதில் கோடிக்கணக்கான வைரஸ்கள் இருக்கும். அதற்காகக் கடலில் இறங்கப் பயப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ஃபேஜ்கள். பக்டீரியாவுக்குள் நுழைந்து பெருகுவதே அவற்றின் பிழைப்பு. மனிதக் கலத்தில் அவை பெருகுவதில்லை.

"புதிய வைரஸைக் கண்டுபிடிப்பது பேராசிரியர்மாரின் வேலை." எங்கள் பிள்ளைகளைத் தடுத்து வைத்திருப்பது இந்த எண்ணந்தான். 2010இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழக மாணவி, அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தார். 2018இல் இலண்டனில், நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் மருந்துகளுக்கு அடங்காத தொற்றோடு கிடந்த 15 வயதுச் சிறுமிக்குக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. தொற்று முற்றாக ஒழியவில்லை. ஆனால் சிறுமி தேறினாள்.

அமெரிக்காவில் பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஃபேஜ் ஆய்வாளர் கிரகாம் ஹாட்ஃபுல் துணையோடு 2008இல் தொடங்கிய திட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களே புதிய ஃபேஜ்களைக் கண்டுபிடிக்கிறார்கள். மண்ணைத் திரவத்தில் கரைத்து, பக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடிக்கிறார்கள். வடிந்ததைப் பெரும்பாலும் தீங்கற்ற ஒரு பக்டீரியாவோடு கலந்து அகார் தட்டில் ஊற்றுகிறார்கள். பக்டீரியா செத்த இடத்தில் தெளிந்த புள்ளி விழும். அங்கே ஃபேஜ் இருக்கிறது. பிறகு அதன் டி.என்.ஏ.யைப் பிரித்து, வரிசையறிய அனுப்பி, மரபணுக்களைக் கணினியில் ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள். வங்காலைச் சேறும் கட்டுக்கரைக்குளத்து வயல் மண்ணும் இதற்குத் தாராளமாகப் போதும். முறையான ஆய்வுகூடமும் பொறுப்பான ஆசிரியரும் கிடைத்தால் மன்னார்ப் பிள்ளைகளாலும் முடியும்.

"அப்படியென்றால் ஃபேஜ் எல்லாம் நல்லது." இதுவும் பிழை, ஆபத்தான பிழை. கொலராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் காலத்தில் தலைமன்னாருக்குக் கப்பலேற வந்த தோட்டத் தொழிலாளரை இந்தியக் கரையின் மண்டபம் முகாமில் தடுத்து வைத்ததற்கு கொலராப் பயமும் ஒரு காரணம். கங்கை, யமுனை நீரில் கொலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக 1896இலேயே பக்டீரியா ஆய்வாளர் ஹான்கின் எழுதினார். அது ஃபேஜாக இருக்கலாம் என்று பின்னால் பலர் கருதினர். ஆனால் கொலராவின் நஞ்சுக்கான மரபணுவே ஒரு ஃபேஜ் சுமந்து வந்தது என்பதை 1996இல் வால்டோர், மெக்கலனோஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே கிருமிக்கு ஒரு ஃபேஜ் எமன், இன்னொன்று ஆயுதம் கொடுக்கிற கூட்டாளி.

தட்டில் விழும் புள்ளியை மட்டும் பார்த்து எமனையும் கூட்டாளியையும் பிரித்தறிய முடியாது. மரபணு வரிசையைப் படித்தாக வேண்டும். நஞ்சு மரபணு இருந்தால் அந்த ஃபேஜ் மருந்தாகாது. பக்டீரியாவைக் கொல்லாமல் அதனுள் பதுங்க வைக்கும் மரபணு இருந்தால் அதை நீக்க வேண்டும். இலண்டன் சிறுமிக்குக் கொடுத்த மூன்றில் இரண்டு, அப்படித் திருத்திய பிறகே அவளுடைய இரத்தத்தில் ஏற்றப்பட்டன.