உடைக்கும் ஓர் அளவு

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் முன்னதற்கு உணவையும், பின்னதற்கு உடையையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார். இவ்விரண்டிற்கும் எல்லை வகுத்துக்கொள்வதே இவ்விரதம்.

இன்று உபபோகமாகிய உடை, போகமாக மாறிவருகிறது. ஒரு விழாவிற்கு உடுத்தியது மறு விழாவிற்கு ஆகாதென ஒதுக்கப்படுகிறது. தள்ளுபடி என்றதும் தேவையின்றி வாங்குகிறோம். விலை குறையலாம், அதன்பின் நிற்கும் இம்சை குறைவதில்லை.

பட்டுச் சேலை ஒன்றிற்கு ஆயிரக்கணக்கான கூடுகள் உள்ளிருக்கும் உயிர்களோடு வேகவைக்கப்படுகின்றன. இதனை அறிந்து பட்டை விலக்கியோர் நம்முள் பலர். ஆயின் பருத்தி உடுத்தினால் மட்டும் பழி நீங்கிவிடுமோ? ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டுள்ளனர். பருத்திக் காட்டில் பூச்சிமருந்தால் மடியும் உயிர்கள் எண்ணிலடங்கா. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. வயல்களும் கிணறுகளும் கெட்டன. கழிவுநீர் சிறிதும் வெளியேறா நிலையை எய்தும்வரை பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீரை உடலாகக் கொண்ட உயிர்களுக்கும் இரங்குவது நம் அறம். நீரைத் துணியால் வடிகட்டிப் பருகும் நாம், அத்துணிக்காகக் கெட்ட ஆற்றையும் எண்ணுதல் வேண்டும்.

ஆகவே, ‘எத்தகைய துணி?’ என்பதோடு ‘எத்தனை?’ என்பதையும் வினவுதல் கடமையாகும். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் என எல்லை வகுத்து ஏற்க நூல் இடந்தருகிறது. தொடக்கமாக, ஓர் அயனம், அதாவது ஆறு திங்கள், புத்தாடை வாங்குவதில்லை என நியமம் ஏற்கலாம். பெட்டியில் உள்ளவற்றை எண்ணி, ‘எனக்கு இத்தனை போதும்’ என வரையறுக்கலாம். கிழிந்ததைத் தைத்து உடுத்தலாம். மிகுந்தவற்றை நைந்தபின் அன்றி, நன்னிலையில் இருக்கும்போதே தானமாக அளிக்கலாம். வாங்க நேரின், பல்லாண்டு உழைக்கும் துணியைத் தேர்ந்து வாங்கலாம்.

தீபாவளி, மகாவீரப் பெருமான் வீடுபேறு எய்திய நாள். உடையையும் துறந்த பெருமானை நினையும் அந்நாளில் நம் இல்லங்களில் புத்தாடை குவிவது பொருந்துமா? அந்நாளில் பிள்ளைகளையும் உடனமர்த்தி, இதன் காரணத்தை விளக்கி, குடும்பத்தினர் அனைவரும் இந்நியமத்தை ஏற்பாராக.

அறம் வளர்க!