அட்டைக்குச் சோதனையா, செயலிக்கா?

கணிப்பொறி விளையாட்டின் காட்சிகளைத் தீட்டித் தருவது வரைகலை அட்டை. இரண்டு அட்டைகளில் எது வேகமானது? ஒரே விளையாட்டை இரண்டிலும் ஓட்டி, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று எண்ணினால் போதுமே என்பீர்கள். திரையின் தெளிவுத்திறனை அகலத்தில் 1280, உயரத்தில் 720 புள்ளிகள் என வைத்து எண்ணுங்கள். விலை உயர்ந்த அட்டையும் மலிவான அட்டையும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக்கூடும்! ஏன்?

ஒவ்வொரு படத்துக்கும் இருவர் உழைக்கிறார்கள். வீரர் எங்கே நிற்கிறார், பந்து எங்கே விழும் என்று கணக்கிடுவது மையச் செயலி. அதைப் புள்ளி புள்ளியாக நிறமிட்டுக் காட்டுவது அட்டை. புள்ளிகள் கூடினாலும் செயலியின் வேலை அதிகம் மாறுவதில்லை. அட்டையின் வேலையோ ஏறிவிடும். 1280×720 என்றால் 9,21,600 புள்ளிகள். 1920×1080 என்றால் 20,73,600. 3840×2160 என்றால் 82,94,400! (பெருக்கிச் சரிபாருங்கள்.)

சிறிய அளவில் அட்டை தன் பங்கை விரைவில் முடித்துவிட்டுச் செயலிக்காகக் காத்திருக்கிறது. அப்போது நாம் அளப்பது உண்மையில் செயலியின் வேகத்தை. அளவைக் கூட்டினால் காத்திருப்பது செயலி. அட்டைகளின் வேற்றுமை வெளிப்படும். அதனால்தான் ஒரே ஓர் அளவில் எடுத்த பட்டியலை நான் நம்புவதில்லை.

வீட்டுத் திரை 1920×1080 ஆக இருக்க, 3840×2160இல் எடுத்த பட்டியலைப் பார்த்து விலை உயர்ந்த அட்டையை வாங்கினால், பட்டியலில் கண்ட வேற்றுமை அந்தத் திரையில் பெரும்பாலும் சுருங்கிவிடும்.