சுவரில் விரியும் சிறகு

சுட்ட பறவையின் சிறகையும் வாலையும் வேட்டைக்காரர்கள் சுவரில் மாட்டி வைப்பதுண்டு. நமக்கு வேட்டை வேண்டாம். காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. விருந்துக்கு வெட்டிய வான்கோழி ஒன்றே போதும்.

சிறகின் உட்புறத்தைக் கீறி, எலும்பை ஒட்டிய சதையைச் சுரண்டி எடுத்து, வெண்காரத் தூளை அழுத்தித் தேய்க்க வேண்டும். சதை மீந்தால் நாறும், வண்டும் அரிக்கும். உடனே பலகையில் விரித்து, இறகுகளின்மேல் அட்டைப் பட்டைகளை வைத்துக் குண்டூசியால் இறுக்குக. மடிந்தபடி காய்ந்த சிறகு பிறகு விரியாது. இரண்டு, மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும். அவசரக்காரிகளுக்கு ஏற்ற வேலையன்று இது!

வாலை அடிக்கட்டையோடு வெட்டி, அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பியை நீக்குக. இல்லையேல் இறகில் கறை ஏறும். 18 வாலிறகுகளும் விசிறியாக விரியும்.

காய்ந்த சிறகை உற்றுப் பாருங்கள். நுனியிலுள்ள 10 நீண்ட இறகுகள் கையெலும்பிலும், அடுத்த வரிசை முன்கை எலும்பிலும் ஊன்றியிருக்கும். பறவைக்கும் நம்மைப் போல் மணிக்கட்டு உண்டு என்பது அப்போது விளங்கும்.

மயில் தோகையோ வாலே அன்று. வாலை மூடும் இறகுகள். உண்மை வால் அதன் அடியில் குட்டையாய், பழுப்பாய் இருக்கிறது. தானே உதிர்ந்த தோகையில் சதையில்லை. அதற்கு வெண்காரமும் தேவையில்லை.