பேயை எரித்த பிறகும் பயம் ஏன்?

கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம் 20-ஆம் நாள் (1833) திருச்செந்தூர்க் கடலில் இருந்து அய்யா வைகுண்டர் வெளிவந்த காலத்தில், நம் முன்னோர் இரண்டு சுமை சுமந்தார்கள். ஒன்று அரசன் போட்ட வரியும் ஊழியமும். மற்றொன்று பேய்ப் பயம். காய்ச்சல் வந்தாலும் பேய், மாடு செத்தாலும் பேய். வரி போக மிஞ்சிய கூலி ஆட்டுக்கும் கோழிக்கும் மந்திரவாதிக்கும் போயிற்று.

அய்யா பேய்களை எரித்தார் என்று அகிலத்திரட்டு சொல்கிறது. பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றார். மந்திர தந்திரம் கலியன் கேட்டு வாங்கிய வரம் என்றும் அகிலம் காட்டுகிறது. கலியன் சரக்கை நாம் காசு கொடுத்து வாங்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பரங்குன்றத்தில் நாங்கள் பணிவிடை செய்யும் தாங்கலுக்கு ஒரு தாய் தன் ஏழு வயது மகனைத் தூக்கி வந்தார். கண்மாய்க் கரையில் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்களாம். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதாம். “கயிறு கேட்டிருச்சுண்ணே” என்றார். ஆனால் பிள்ளை வயிற்று வலியும் வாந்தியுமாகத் துவண்டு கிடந்தான்.

எனக்குக் கோபம். “இந்தக் காலத்துல இது என்னம்மா மூடத்தனம்?” என்று எல்லோர் முன்னும் சத்தம் போட்டேன். அவர் அழுதுகொண்டே வெளியேறினார்.

எங்கள் தாங்கலில் முற்றம் தெளிக்கும் வயதான அம்மா பின்னாலேயே ஓடினார். பிள்ளைக்கு நாமம் இட்டார். “தாயி, அய்யா நாமம் இட்டாச்சு, இனிப் பேய் அண்டாது. மிச்சம் நோவு மட்டுந்தான். வா, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்” என்று ஆட்டோவில் ஏற்றினார். டெங்கு. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். கயிறு பலித்தது என்று அவர்கள் நம்பிய அதே நாள்! பிள்ளை பிழைத்தான். என் பேச்சால் அந்தத் தாய் வீட்டுக்குத் திரும்பியிருந்தால்?

அன்று அறிந்துகொண்டேன். பயம் புத்தியை மறைப்பது போலவே கோபமும் மறைக்கும். அந்த அம்மா தாயின் பயத்தைப் பழிக்கவில்லை. முதலில் ஆற்றினார், பிறகு வழி காட்டினார்.

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பயந்து வருபவரை ஏளனம் செய்யாதீர்கள். உட்காரவைத்து, எத்தனை நாளாக, என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

2. நாமமும் பதமும் மனதுக்குத் தைரியம். அந்தத் தைரியத்தோடு மருத்துவரிடம் போங்கள். அய்யா பார்த்துக்கொள்வார் என்று வீட்டிலேயே கிடப்பது பக்தி ஆகாது.

3. வாசலில் எலுமிச்சை கட்டுகிறோம். தண்ணீர்த் தொட்டியை மூட மறக்கிறோம். டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும், பெரும்பாலும் பகலில் கடிக்கும். வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் துவையல் தவசில் இருத்திய அய்யாவின் மக்களுக்குச் சுத்தத்தைச் சொல்லித்தர வேண்டுமா?

தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நிற்கிறோம். அதில் பேய் தெரிவதில்லை, நம் முகம்தான் தெரிகிறது. அதில் பயம் இருக்கிறதா, கோபம் இருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பார்ப்போம்.

அய்யா உண்டு.